வீட்டறையில் பிறந்த ஊதா: வில்லியம் ஹென்றி பெர்க்கின் வரலாறு

வேதியியல் என்னும் கலைக்கு மேலைமொழிகள் வழங்கும் பெயர் அரபுமொழியின் அல்கீமியா என்ற சொல்லிலிருந்து கிளைத்ததாகும். ஆல்கஹால், ஆல்கலி ஆகிய சொற்களும் அவ்வழியே வந்தவைதாம். ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரையும், வாலை, குடுவை, உலை முதலிய கருவிகளை ஒழுங்குபட வகுத்தெழுதிய அர்-ராஸியின் பெயரையும் நம் மேடைகளில் பெருமிதத்துடன் சொல்லி வருகிறோம். ஆயினும், அப்பெயர்களைக் கேட்டுக் கைதட்டும் நம் மாணவருள், தம் வீட்டின் ஒரு மூலையில் ஒரு மேசையை ஒதுக்கிக்கொண்டு ஒரு சிறு சோதனையேனும் தாமாகச் செய்து பார்த்தவர் எத்தனை பேர் என்று எண்ணினால் விரல்கள் மிஞ்சும். கல்லூரி ஆய்வகத்தில் மணியடித்ததும் தொடங்கி மணியடித்ததும் முடியும் செய்முறை வகுப்போடு அவர்தம் வேதியியல் நின்றுவிடுகிறது.

வீட்டில் ஒரு மேசையிட்டு வேலை செய்த பதினெட்டு வயது இளைஞர் ஒருவரின் வாழ்க்கையை இங்கே காண்போம். அவர் வில்லியம் ஹென்றி பெர்க்கின். செயற்கைச் சாயத் தொழிலின் தந்தை என்று பாடநூல்கள் அவரைக் குறிக்கின்றன. தற்செயலாக ஒரு சாயத்தைக் கண்டுபிடித்தார் என்ற ஒற்றை வரியோடு அவரைக் கடந்து செல்வதும் பாடநூல்களின் வழக்கம். அந்தத் தற்செயல் என்ற சொல்லில் நமக்கு உடன்பாடில்லை. ஏன் என்பதை அவர் வரலாறே காட்டும்.

1838ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில், தேம்சு ஆற்றுத் துறைமுகத்தை ஒட்டிய ஷாட்வெல் என்னுமிடத்தில் பெர்க்கின் பிறந்தார். தந்தையார் ஜார்ஜ் பெர்க்கின் தச்சுத் தொழிலிலும் கட்டடப் பணியிலும் ஈடுபட்டிருந்தவர். ஏழு குழந்தைகளுள் இளையவர் வில்லியம். கட்டடக் கலைஞராக வேண்டும் என்பதே இம்மகனைப் பற்றித் தந்தை கொண்டிருந்த ஆசை. பையனோ சிற்சில ஆண்டுகள் மரவேலை, ஓவியம், இசை என்று எல்லாவற்றிலும் மனத்தை ஓடவிட்டான். பன்னிரண்டு பதின்மூன்று வயதளவில் நண்பன் ஒருவன் சோடாவையும் படிகாரத்தையும் நீரில் கரைத்துப் படிகமாக்கிக் காட்டினான். கலங்கலான கரைசலிலிருந்து, யாரும் செதுக்காமலேயே, ஒழுங்கான முகங்களுடன் படிகம் வளர்வதைக் கண்ட கணம் அவன் மனம் ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. படிகாரம் நம் வீடுகளிலும் உள்ள பொருளே. முகம் மழித்த பின் தடவுவதற்கு வைத்திருக்கும் அக்கட்டிக்கு இப்படி ஒரு வரலாறும் உண்டு.

பதின்மூன்றாம் வயதில் இலண்டன் மாநகரப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அக்காலத்தில் பள்ளிகளில் வேதியியலுக்கு இடமில்லை. அப்பள்ளி ஓரளவு விதிவிலக்கு. அங்கே தாமசு ஹால் என்னும் ஆசிரியர், வாரம் இருமுறை, நண்பகல் உணவு இடைவேளையில், விரும்பிய மாணவருக்கு வேதியியல் சொற்பொழிவு நிகழ்த்தி வந்தார். பாடத்திட்டத்தில் இடமில்லாத ஒன்றுக்கு அவர் தம் ஓய்வு நேரத்தைக் கொடுத்தார். பெர்க்கின் தம் உணவையே கொடுத்தார். சொற்பொழிவுக்கு முன்னர்க் குடுவைகளைக் கழுவி, கருவிகளை அடுக்கி, செய்து காட்டவேண்டியவற்றை ஆயத்தம் செய்யும் உதவியாளராக அவரை ஹால் ஏற்றுக்கொண்டதால், அந்நாள்களில் பகலுணவைத் துறப்பது அவருக்குப் பழக்கமாயிற்று. ஆசிரியரின் தூண்டுதலால், அரசக் கழகத்தில் மைக்கேல் ஃபாரடே ஆற்றிவந்த பேருரைகளைக் கேட்க அனுமதி வேண்டி அப்பெருமகனுக்கே கடிதம் எழுதினார். ஃபாரடே தம் கைப்பட மறுமொழி எழுதி அனுமதித்தார். பெரியோர் ஒருவர் சிறுவன் ஒருவனுக்கு எழுதும் நான்கு வரி என்ன செய்யும் என்பதை நம் சமுதாயத்தின் மூத்தோர் எண்ணிப் பார்க்கலாம்.

தந்தையின் மனம் எளிதில் இசையவில்லை. கட்டடக் கலையில் வருவாய் தெரிந்தது. வேதியியல் படித்தவன் எதைச் செய்து பிழைப்பான் என்று அவருக்கு விளங்கவில்லை. அக்கேள்வி அன்று நியாயமானதே. மருந்துக்கடை வைப்பது தவிர வேறு வழி பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஹால் தாமே தந்தையிடம் மீண்டும் மீண்டும் பேசி அவர் மனத்தைக் கரைத்தார். 1853இல், பதினைந்தாம் வயதில், பெர்க்கின் அரச வேதியியல் கல்லூரியில் சேர்ந்தார்.

அக்கல்லூரி 1845இல் தொடங்கப்பெற்றது. அதன் பேராசிரியர் ஜெர்மனியிலிருந்து அழைத்து வரப்பெற்ற ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன். லீபிக்கின் மாணவர். தாமசு ஹாலும் இவரிடம் பயின்றவரே. ஹாஃப்மனின் ஆய்வுக்குப் பொருளாக அமைந்தது நிலக்கரித் தார். தெருவிளக்குகளுக்கும் வீட்டு விளக்குகளுக்கும் வேண்டிய வாயுவை நிலக்கரியிலிருந்து வடிக்கும்போது அடியில் தங்கும் கரிய, நாற்றமடிக்கும் கழிவு அது. அதை எங்கே கொட்டுவதென்று தெரியாமல் வாயு நிறுவனங்கள் திகைத்திருந்த காலத்தில், ஹாஃப்மனும் அவர் மாணவரும் அதிலிருந்து பென்சீன், அனிலீன் முதலிய பொருள்களைப் பிரித்துக் கொண்டிருந்தனர். பெர்க்கினுக்கு முதலில் தரப்பட்ட ஆய்வு ஆந்திரசீன் பற்றியது. அதில் அவர் வெற்றி பெறவில்லை. தோல்வியுற்ற அந்த ஆய்வின் பயனை அவர் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அறுவடை செய்தார் என்பதைப் பின்னர்க் காண்போம். அடுத்த ஆய்வில் தேர்ந்து, பதினேழாம் வயதிலேயே பேராசிரியரின் உதவியாளரானார்.

உதவியாளரானதில் ஒரு சங்கடம் நேர்ந்தது. பகலெல்லாம் ஹாஃப்மனின் ஆய்வுகளுக்கே கை கொடுக்க வேண்டியிருந்தது. தம் மனத்தில் எழும் கேள்விகளுக்கு நேரமில்லை. ஆகவே ஷாட்வெல் வீட்டிலேயே, மாலை வேளைகளிலும் விடுமுறை நாள்களிலும் வேலை செய்வதற்காக, 1854 அளவில் ஓர் ஆய்வகத்தை அமைத்துக்கொண்டார். ஆய்வகம் என்ற சொல்லைக் கேட்டுப் பெரிதாக எண்ணிவிட வேண்டா. சிறிய, நீண்ட ஓர் அறையின் பாதி; சீசாக்கள் வைக்கச் சில பலகைத் தட்டுகள்; ஒரு மேசை; கணப்பு அடுப்பு இருந்த இடத்தில் கட்டிய ஓர் உலை. இவ்வளவே. நீர்க்குழாய் இல்லை, வாயு இணைப்பும் இல்லை. எரிசாராய விளக்குகளைக் கொண்டு சூடாக்கினார். மிகுந்த வெப்பம் வேண்டிய வேலைகளுக்கு வெளியே ஒரு கொட்டகையில் மரக்கரியை எரித்தார். நம் கிராமத்து மாணவர் ஒருவரின் வீட்டில் இன்று இருக்கும் வசதி அதைவிடக் குறைந்ததன்று.

கருவிகள் எளியனவாயினும், அங்கே வேலை செய்தவர் பயிற்சி பெற்றவர் என்பதை மறத்தலாகாது. இரண்டாண்டுகள் நாள்தோறும் எடை போட்டும், வடிகட்டியும், வாலை வடித்தும், படிகமாக்கித் தூய்மை செய்தும் கை பழகியவர். இப்பழக்கமின்றி வீட்டில் கரிமச் சேர்மங்களோடு விளையாடுவது எத்தகைய கேட்டைத் தரும்? பயிற்சி இருந்தும் விபத்து நேரும் என்பதற்கே அதே கல்லூரியில் ஒரு சான்று இருந்தது. நிலக்கரித் தாரிலிருந்து பென்சீனைத் தூய்மையாகப் பிரிக்கும் வழியைக் கண்டவர் சார்லஸ் மான்ஸ்ஃபீல்டு. ஹாஃப்மனின் மாணவருள் தலைசிறந்தவர். 1855இல் பாரிஸ் பொருட்காட்சிக்கு அனுப்புவதற்காக, வாடகைக்கு எடுத்த ஓரிடத்தில் அவர் அதனைப் பெருமளவில் வடித்துக்கொண்டிருந்தபோது, வாலை பொங்கித் தீப்பற்றியது. எரியும் பாத்திரத்தை அவர் தாமே வெளியே தூக்கிச் சென்றார். உடல் வெந்து, சில நாள்களில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. பெர்க்கின் தம் வீட்டறையில் விளக்கேற்றிய ஆண்டுகளில் இச்செய்தி கல்லூரியின் நெஞ்சில் பசும்புண்ணாக இருந்திருக்கும்.

இனி 1856ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறைக்கு வருவோம். ஹாஃப்மன் தாயகம் சென்றிருந்தார். பெர்க்கின் தம் வீட்டறையில் எடுத்துக்கொண்ட கேள்வி, கொயினா மருந்தைச் செயற்கையாக ஆக்க இயலுமா என்பது. மலேரியாக் காய்ச்சலுக்கு அன்று உலகம் அறிந்த ஒரே மருந்து அதுவே. தென்னமெரிக்காவின் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இல் பெல்லெத்தியே, கவெந்தூ என்னும் பிரெஞ்சு வேதியியலார் அதனைப் பிரித்தெடுத்தனர். பட்டை அரிது, விலை மிகுதி. வெப்ப நாடுகளில் படைகளையும் அலுவலர்களையும் வைத்திருந்த பிரிட்டானிய அரசுக்கு அது உயிர்ப் பிரச்சினை. சில ஆண்டுகளில், 1860 தொடங்கி, சிங்கோனா கன்றுகள் நம் நீலகிரி மலையில் நடப்பெற்றது இத்தேவையினால்தான். தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டே கொயினாவை ஆக்கலாகாதா என்று ஹாஃப்மன் முன்னரே ஆசைப்பட்டு எழுதியிருந்தார். மாணவர் அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் கணக்கு வருமாறு: கொயினாவின் மூலக்கூறில் கார்பன் 20, ஹைட்ரஜன் 24, நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 2 அணுக்கள் உள்ளன. அல்லைல் டொலூயிடின் என்னும் பொருளில் கார்பன் 10, ஹைட்ரஜன் 13, நைட்ரஜன் 1. இதில் இரண்டு மூலக்கூறுகளை எடுத்து, மூன்று ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்து, ஒரு நீர் மூலக்கூறை நீக்கிவிட்டால் எஞ்சுவது கொயினாவின் கணக்கு. தாளில் இம்மி பிசகவில்லை. ஆனால் வீடு ஒன்றை இடித்து, அதே எண்ணிக்கைச் செங்கல்லை வாரியிறைத்தால் இன்னொரு வீடு எழுந்துவிடுமா? அணுக்கள் எந்த ஒழுங்கில் பிணைந்துள்ளன என்ற அமைப்புக் கோட்பாட்டை கெக்குலே வெளியிட்டது 1858இல். பென்சீன் வளையம் வந்தது 1865இல். எனவே பெர்க்கினின் பிழை அவருடைய காலத்தின் பிழை.

பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கொண்டு அப்பொருளை ஆக்சிஜனேற்றம் செய்தார். வெண்படிகமாகிய கொயினாவுக்குப் பதில் செம்பழுப்பான சேறு ஒன்று வீழ்படிவாயிற்று. பெரும்பாலோர் இவ்விடத்தில் குடுவையைக் கழுவி வைத்திருப்பர். பெர்க்கின் வேறொரு கேள்வி கேட்டார். இந்த வினை இப்படிப் போவது ஏன்? இன்னும் எளிய பொருளைக் கொண்டு இதையே செய்தால் என்ன நிகழும்? அனிலீனை எடுத்து, அதே டைகுரோமேட்டோடு வினைப்படுத்தினார். முன்னதிலும் மோசமாகக் கரிய வீழ்படிவு வந்தது. அதை வடிகட்டினார், கழுவினார், உலர்த்தினார். எரிசாராயத்தில் ஊறவைத்தார். சாராயம் ஊதாவாகிச் சுடர்விட்டது.

தற்செயல் என்னும் சொல்லில் உடன்பாடில்லை என்று மேலே சொன்னதன் காரணம் இதுவே. நிறம் வந்தது தற்செயல் என்றால், கரிய சேற்றைக் கொட்டாமல் வைத்ததும், எளிய பொருளுக்கு மாறியதும், கழுவி உலர்த்திக் கரைத்துப் பார்த்ததும் எதன் செயல்? பகலுணவை விட்டுக் குடுவை கழுவிய நாள்முதல் ஊறிய பழக்கத்தின் செயல். உண்மையில் தற்செயல் என்று சொல்லத்தக்கது வேறொன்று. அவர் கையாண்ட அனிலீன் தூயதன்று. அக்காலத்துப் பென்சீனில் டொலூயினும் கலந்திருந்ததால், அதிலிருந்து ஆக்கிய அனிலீனிலும் டொலூயிடின்கள் கலந்திருந்தன. அக்கலப்பு இல்லையேல் அந்த ஊதா பிறந்திராது. இதைப் பெர்க்கின் அன்று அறிந்திருக்கவில்லை.

அனிலீன் என்ற பெயரைப் பற்றி ஒரு சொல். அவுரி நீலத்தைக் காரத்துடன் சேர்த்து வடித்தபோது கிடைத்த பொருளுக்கு, நீலத்தின் போர்த்துகீசியப் பெயராகிய அனில் என்பதைக்கொண்டு அப்பெயரிட்டனர். போர்த்துகீசியர் அதனை அரபியின் அந்நீல் என்னும் சொல்லிலிருந்து பெற்றனர். அரபியர் நம் நாட்டு நீலம் என்னும் சொல்லை வணிகத்தோடு கொண்டு சென்றவர்கள். இலண்டன் வீட்டறையில் குடுவைக்குள் இருந்த பொருளின் பெயரில் கீழைக்கடல் வணிகமே ஒளிந்திருந்தது எனலாம்.

இதைப் படிக்கும் மாணவர் சிலருக்கு, பெர்க்கின் செய்ததை நாமும் வீட்டில் செய்து பார்த்தால் என்ன என்ற ஆர்வம் எழுதல் இயல்பு. ஆர்வம் நன்று; ஆனால் இந்தச் சோதனை வேண்டவே வேண்டா. அனிலீன் தோல் வழியாகவே உடலுக்குள் புகுந்து, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுப்பது. பென்சீன் இரத்தப் புற்றுநோய் தருவது. டைகுரோமேட்டும் புற்றுநோய் தருவதே. தோல் பதனிடும் ஊர்களில் குரோமியம் கிணற்று நீரை என்ன செய்தது என்பதை அவ்வூரார் அறிவர். பெர்க்கினின் காலத்தில் இவை தெரியாதிருந்தன. தெரிந்த பின்னும் அவற்றைக் கையாளுதல் வீரமாகாது. தொடங்குதற்கு அவர் தொடங்கிய இடமே போதும். படிகாரத்தை வெந்நீரில் செறிவாகக் கரைத்து, ஒரு நூலைத் தொங்கவிட்டு, அசைக்காமல் ஒரு வாரம் பொறுத்திருப்பது முதல் பாடம். மஞ்சள்தூளைச் சிறிது சாராயத்தில் ஊறவைத்து, வடிதாளில் தோய்த்து உலர்த்தி, அதன்மேல் சலவைச்சோடாக் கரைசலை ஒரு துளி இட்டால் தாள் சிவக்கும். எலுமிச்சைச் சாற்றால் மீண்டும் மஞ்சளாகும். கரிமச் சேர்மம் ஒன்றின் மூலக்கூறு மாறுவதைக் கண்ணால் காணும் சோதனை இது. கீரையை அரைத்துச் சாராயத்தில் வடித்து, வடிதாள் கீற்றின் அடிமுனை அதில் தோயுமாறு நிறுத்தினால், ஒரே பச்சை என்று நினைத்தது பச்சையும் மஞ்சளுமாகப் பிரிந்து மேலேறும். தேங்காய் எண்ணெயோடு எரிசோடாச் சேர்த்துச் சோப்பு ஆக்குதல் இதற்கு அடுத்த படி. எரிசோடா கண்ணைப் பறிக்கும். ஆதலின் ஆசிரியர் உடனிருக்கையில் கண்ணாடியும் கையுறையும் அணிந்தே செய்தல் வேண்டும்.

சாராயம் இருக்குமிடத்தில் அடுப்பு எரியலாகாது. சோதனைக்கு எடுத்த பாத்திரம் பிறகு சமையலறைக்குத் திரும்பலாகாது. சீசாவில் பெயரும் நாளும் எழுதாமல் எதையும் வைக்கலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு குறிப்பேடு. என்ன எடுத்தோம், எவ்வளவு எடுத்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன வந்தது என்பவற்றை அன்றன்றே எழுதிவைக்காத சோதனை கண்கட்டு வித்தையோடு சேரும்.

ஷாட்வெல் வீட்டுக்குத் திரும்புவோம். ஊதாக் கரைசலில் பட்டுத்துணியை நனைத்துப் பார்த்தார் பெர்க்கின். நிறம் ஏறியது. சோப்பிட்டுக் கழுவியும், வெயிலில் நாள்கணக்கில் வைத்தும் மங்கவில்லை. இதன் அருமையை உணர, அக்காலச் சாயங்களின் நிலையை அறிதல் வேண்டும். ஊதா என்பது மன்னரின் நிறம். பண்டைக்காலத்தில் சூர் நகரத்துக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான சங்குநத்தைகளைக் கொன்று ஒரு சிறிது பெற்றனர். பின்னர்ப் பாசிகளிலிருந்து எடுத்த ஊதாக்களோ எளிதில் வெளிறின. உடன்பயின்ற நண்பர் ஆர்தர் சர்ச், இதனை விடாமல் தொடருமாறு ஊக்கினார். ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் சாயத்தொழில் நடத்திவந்த புல்லர் நிறுவனத்தாருக்கு மாதிரித் துணியை அனுப்பினார். 1856 ஜூன் திங்களில் மறுமொழி வந்தது. துணியின் விலையை மிகவும் உயர்த்தாதாயின் இது பெரும்பயன் தரும் கண்டுபிடிப்பு என்றும், ஆனால் பருத்தியில் நன்கு நிற்கவில்லை என்றும் அவர்கள் ஒளிக்காமல் எழுதியிருந்தனர். அவ்வாண்டுக் கோடையில் அண்ணன் தாமசைத் துணைசேர்த்துக்கொண்டு, வேலையை வீட்டறையிலிருந்து தோட்டத்துக் குடிசைக்கு மாற்றிச் சிலபல அவுன்சுகள் ஆக்கினார். ஆகஸ்ட் 26ஆம் நாள் காப்புரிமை பதிவாயிற்று. பதினெட்டே வயதுடையவர் காப்புரிமை பெறலாமா என்ற ஐயமே முதலில் எழுந்தது. பெறலாம் என்று சட்டமறிந்தோர் கூறினர்.

கல்லூரியை விட்டு விலகித் தொழில் தொடங்கப் போகிறேன் என்று சொன்னபோது ஹாஃப்மன் மிகவும் சினந்தார். தேர்ந்த மாணவன் ஒருவன் சாயக்காரனாகப் போவதை எந்த ஆசிரியர் விரும்புவார்? ஆய்வைக் கைவிட நேரும் என்ற அச்சம் பெர்க்கினுக்கும் இருந்தது. கைவிடுவதில்லை என்று உறுதி செய்துகொண்டே அவர் வெளியேறினார். இவ்விடத்தில் நம் நெஞ்சைத் தொடுபவர் தந்தையார் ஜார்ஜ் பெர்க்கின். வேதியியலே வேண்டா என்றவர், கட்டடங்கள் கட்டிச் சேர்த்த வாழ்நாள் சேமிப்பில் பெரும்பகுதியை அவ்வேதியியலின் மேல் வைத்தார். தொழில் நலிந்தால் முதுமையில் அவருக்கு மிஞ்சுவது யாதுமில்லை. அண்ணன் தாமசும் தம் வாழ்வை அதிலேயே இணைத்தார்.

இலண்டனுக்கு வடமேற்கே, கால்வாய்க் கரையில், கிரீன்ஃபோர்டு கிரீன் என்னுமிடத்தில் 1857 ஜூனில் ஆலைக்கு அடித்தளமிட்டனர். அவர்களுள் எவரும் அதற்கு முன் ஒரு வேதியியல் ஆலையின் உள்ளே சென்றதில்லை. குடுவையில் சில கிராம் செய்தது ஆலையில் பெருமளவில் ஆகும்போது ஒவ்வொரு படியும் புதிய சிக்கலாயிற்று. பென்சீனைக் கிளாஸ்கோவிலிருந்து வரவழைத்து மீண்டும் வடிக்கவேண்டியிருந்தது. செறிந்த நைட்ரிக் அமிலம் வேண்டிய அளவில் கிடைக்காததால், சிலி நாட்டு வெடியுப்பையும் கந்தக அமிலத்தையும் சேர்த்து நைட்ரோபென்சீன் ஆக்கினர். வெடித்துச் சிதறக்கூடிய அவ்வினையை இரும்புப் பாத்திரங்களில் நடத்தக் கருவிகளையும் அவர்களே அமைத்தனர். இரும்பையும் அசெட்டிக் அமிலத்தையும் கொண்டு அதை அனிலீனாக மாற்றினர். ஆறே திங்களில், டிசம்பரில், இலண்டன் பட்டுச் சாயக்காரர் ஒருவரின் தொட்டிக்கு முதற்சாயம் சென்றது. சாயத்தை விற்பதோடு வேலை முடியவில்லை. பட்டில் திட்டுத்திட்டாக ஏறியபோது சோப்பு நீரில் தோய்க்கும் வழியையும், பருத்தியில் நிற்காதபோது டானினைப் பிணைப்பியாக இடும் வழியையும் கண்டறிந்து, சாயத்தொட்டிகளின் அருகில் நின்று கற்பித்தவர் பெர்க்கினே.

பிறகு நடந்தது உலகறிந்தது. 1858 ஜனவரியில் விக்டோரியா அரசி தம் மகளின் திருமணத்துக்கு அந்நிற உடையணிந்தார். பிரான்சின் பேரரசியும் அந்நிறத்தை விரும்பினார். மோவ் என்னும் பிரெஞ்சு மலர்ப்பெயர் அதற்கு நிலைத்தது. பிரான்சில் மட்டும் காப்புரிமை பெறுவதற்குரிய காலம் தவறிவிட்டதால், அங்குள்ளோர் தாமே அதனை ஆக்கி விற்றனர். சில ஆண்டுகளில் மஜெந்தா முதலிய புதிய நிறங்கள் வந்து மோவைப் பின்னுக்குத் தள்ளின.

வளமான பகுதி இதன் பிறகுதான் வருகிறது. மஞ்சிட்டி இனச் செடியின் வேரில் உள்ள சிவப்புப் பொருள் அலிசரின். 1868இல் ஜெர்மானியராகிய கிரேபேயும் லீபர்மனும் அதனை ஆந்திரசீனிலிருந்து ஆக்கலாம் என்று காட்டினர். அவர்கள் வழியோ விலையுயர்ந்த புரோமினை வேண்டியது. ஆந்திரசீன் என்ற பெயரைக் கேட்டதும் பெர்க்கினுக்குத் தம் முதல் தோல்வி நினைவுக்கு வந்திருக்கும். மாணவப் பருவத்தில் பிரித்து வைத்த அப்பொருளோடு மீண்டும் இறங்கி, மலிவான வழியைக் கண்டார். 1869 ஜூனில் காப்புரிமைக்கு அவர் விண்ணப்பித்ததற்கு ஒரே நாள் முன்னர், ஜெர்மானியர் அதே வழிக்கு விண்ணப்பித்திருந்தனர். வழக்காடாமல் சந்தையைப் பங்கிட்டுக்கொண்டனர். கிரீன்ஃபோர்டு ஆலை 1869இல் ஒரு டன், 1870இல் 40 டன், 1871இல் 220 டன், 1873இல் 435 டன் அலிசரின் ஆக்கியது.

இவ்வெண்களுக்கு மறுபுறம் ஒன்று உண்டு. மஞ்சிட்டி விளைத்த பிரான்சு, ஹாலந்து, துருக்கி நாட்டு உழவர் சில ஆண்டுகளில் தம் வயல்களை வேறு பயிருக்கு மாற்ற நேர்ந்தது. நம் சோழமண்டலக் கரையில் இம்பூறல் என வழங்கும் சாயவேரிலும் இதே அலிசரின்தான் உள்ளது. மணற்பாங்கான கடலோர நிலங்களில் அவ்வேரைத் தோண்டியெடுத்தோர், அதில் துணியைச் சிவக்கத் தோய்த்தோர், அத்துணியை நாகூரிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் மரக்கலங்களில் ஏற்றி மலாய் நாடுகளுக்குக் கொண்டு சென்ற மரக்காயர் என ஒரு தொழிற்சங்கிலியே அந்த வேரைப் பற்றி நின்றது. கம்பெனி ஆட்சியிலும் ஆலைத்துணியாலும் முன்னரே நலிந்திருந்த அத்தொழிலில் வேருக்கிருந்த இடத்தைக் குப்பியில் வந்த அலிசரின் பிடித்துக்கொண்டது. 1897இல் ஜெர்மனியின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபோது வட இந்திய அவுரிக்கும் அதுவே நேர்ந்தது. தம் இழப்பைத் தோட்டமுதலாளிகள் உழவர் தலையில் சுமத்தியதன் விளைவே 1917இன் சம்பாரண் போராட்டம். பெர்க்கின் எவருக்கும் தீங்கு நினைத்தவரல்லர். ஆயினும் அவர் வரலாற்றை எழுதும்போது இவர்களை விட்டுவிடுதல் முறையாகாது என்பது நம் கருத்து.

1874இல், முப்பத்தாறாம் வயதில், பெர்க்கின் தம் ஆலையை விற்றுவிட்டார். வாழ்வுக்குப் போதிய பொருள் சேர்ந்துவிட்டது. மேலும் சேர்க்க அவர் விரும்பவில்லை. சட்பரியில் புதிய வீடு கட்டிக் குடிபுகுந்து, பழைய வீட்டை முழுவதும் ஆய்வகமாக மாற்றிக்கொண்டார். பாதி அறையில் தொடங்கியவருக்கு இப்போது ஒரு வீடே ஆய்வகம். தொழில் நடத்திய நாளிலும் அவர் ஆய்வை விட்டவரல்லர். உலர்ந்த புல்லின் நறுமணம் தரும் கூமரினை 1868இல் செயற்கையாக ஆக்கியிருந்தார். அதன்வழி வளர்ந்த வினையைப் பெர்க்கின் வினை என்ற பெயரில் இன்றும் நம் இளம் அறிவியல் மாணவர் எழுதித் தேர்வெழுதுகின்றனர். காந்தப் புலத்தில் நீர்மங்கள் ஒளியைச் சுழற்றும் தன்மையைப் பல்லாண்டு அளந்து, அதைக்கொண்டு மூலக்கூறுகளின் அமைப்பை ஆராய்ந்தார். மூன்று மைந்தரும் வேதியியலாரே ஆயினர். கல்லூரியை விட்டபோது ஹாஃப்மன் முன் அவர் நெஞ்சில் கொண்ட உறுதி முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது.

ஊதாவின் ஐம்பதாம் ஆண்டாகிய 1906இல் அவருக்கு சர் பட்டம் வழங்கப்பெற்றது. அமெரிக்கா வரை சென்று பாராட்டுப் பெற்றார். அடுத்த ஆண்டு ஜூலை 14ஆம் நாள் மறைந்தார்.

காய்ச்சலுக்கு மருந்து தேடிச் சாயத்தைக் கண்டார் பெர்க்கின். சாயத்திலிருந்து மருந்து பிறந்த கதையும் உண்டு. பால் எர்லிக் என்னும் ஜெர்மானிய மருத்துவர், சாயங்கள் சில உயிரணுக்களை மட்டும் தேர்ந்து பற்றுவதைக் கண்டு, 1891இல் மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தை மலேரியா நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார், ஓரளவு பலித்தது. கொயினாவைச் செயற்கையாக ஆக்கும் வழியை வுட்வர்டும் டோரிங்கும் 1944இல் காட்டினர். பெர்க்கின் தாளில் ஒரு வரியில் போட்ட கணக்குக்கு விடை காண எண்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின. அவர் ஆக்கிய ஊதாவின் மூலக்கூறு அமைப்போ இன்னும் நெடுங்காலம் தவறாகவே நூல்களில் இருந்தது. 1994இல்தான், அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த பழைய மாதிரியை ஆராய்ந்து, அது ஒரே சேர்மமன்று, முதன்மையாக இரண்டு சேர்மங்களின் கலவை என்றும், மெத்தில் தொகுதிகள் நூல்களில் குறித்த இடங்களில் இல்லை என்றும் கண்டனர். அந்த மெத்தில் தொகுதிகள் 1856இன் அனிலீனில் கலந்திருந்த அழுக்கிலிருந்து வந்தவை.